மேரிலாந்தில் பன்னிரண்டு மைல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் துப்பாக்கிகளைப் பற்றிப் போன வாரம் நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். மளிகைக் கடையில் பருப்பு வாங்குவதுபோல் அங்கே துப்பாக்கி வாங்கிக்கொண்டு போகலாம் என்று அதில் ஒரு வரி வருகிறது. முழுப் பொய் என்று சொல்லமாட்டேன், நானே அப்படித்தான் வாங்கினேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் வாங்கினவன் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போய்விட்டது, வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் விசாவில் இருப்பவர்களைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்குகிறது என்று தாத்தா ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். சுட்டதைவிடத் துடைத்ததுதான் அதிகம். தேர்தல் அறிவித்துவிட்டால் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம், எந்த எல்லைக்குள் கொண்டுபோகலாம் என்பதெல்லாம் அந்த லைசென்ஸ் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். குமுளி மலை ஏறிக் கேரளாவுக்குள் போகலாமா கூடாதா என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, புத்தகத்தைப் பிரித்தால் தெரிந்துவிடும். அந்த லைசென்ஸ் வாங்கத்தான் வருடக்கணக்கில் கலெக்டர் ஆபீஸ் நடந்தார், அது வேறு கதை. 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் கம்பத்துக்கும் அதுதான், கொல்கத்தாவுக்கும் அதுதான்.

அமெரிக்காவில் வாங்குவது சுலபம், வாங்கின பிறகுதான் தலைவலி. மத்திய அரசின் சட்டம் ஒன்று, அதன்மேல் மாநிலத்துக்கு ஒன்றாக ஐம்பது சட்டம், சில ஊர்களில் நகராட்சி விதி வேறு.

நான் டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் ஒன்பது வருடம் இருந்தேன். கிரீன் கார்டு வந்த பிறகு, எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவை உடைத்துத் திருட்டு நடந்த கையோடு, ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினேன். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். குற்ற வழக்கு உண்டா, மனைவியை அடித்த வழக்கு உண்டா, குடியுரிமை என்ன என்று வரிசையாகக் கேள்வி. கடைக்காரர் கணினியில் தட்டி மத்திய அரசின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார், சரி என்று பதில் வந்தால் பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். டெக்சாஸில் துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. 2021 செப்டம்பரிலிருந்து, தடையில்லாத 21 வயது நிரம்பியவர் லைசென்ஸே இல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டும் நடக்கலாம். ஆனாலும் நான் லைசென்ஸ் எடுத்தேன், வேறு சில மாநிலங்களில் அது செல்லும் என்பதால்.

சுதந்திரமான டெக்சாஸிலும் கதவுக்குக் கதவு படிக்க வேண்டும். கடை வாசலில் 30.06 என்று ஒரு பலகை இருந்தால், லைசென்ஸ் இருப்பவரும் மறைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது. 30.07 என்றால் வெளியே தெரிகிறமாதிரி எடுத்துப் போகக் கூடாது. அந்தப் பலகையின் வாசகம் சட்டத்தில் சொன்னபடி இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாமல். துப்பாக்கிப் படம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்த ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால், 30.06 பலகை வைத்ததாகக் கணக்கில் வராது. அப்புறம் 51 சதவீதப் பலகை என்று ஒன்று, சிவப்பு எழுத்தில். அந்தக் கடையின் வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற மதுவிலிருந்து வருகிறது என்று பொருள், அங்கே துப்பாக்கியோடு நுழையவே கூடாது. பிரியாணி சாப்பிடப் போகிறவன் கடைக்காரரின் சாராயக் கணக்கைத் தெரிந்துகொண்டு போக வேண்டிய நாடு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

2023 ஆகஸ்டில் வேலை நியூஜெர்சிக்கு மாறியது. ஏறத்தாழ 1,500 மைல், வேனிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தோம். அப்போதுதான் அலமாரியில் இருந்த அந்தக் கிளாக் ஞாபகம் வந்தது.

அந்தத் துப்பாக்கியோடு வருகிற மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கிச் செருகுகிற கூட்டில், 15 தோட்டா பிடிக்கும். நியூஜெர்சியில் 10க்கு மேல் பிடிக்கிற மேகசினை வைத்திருப்பதே குற்றம். அதே நியூஜெர்சியில் 2018க்கு முன்னால் 15 வரை அனுமதி இருந்தது. டெலவேரில் 17, கொலராடோவில் 15, நியூயார்க்கில் 10, பென்சில்வேனியாவில் கணக்கே கிடையாது. டெலவேர் ஆற்றின் பென்சில்வேனியாக் கரையில் சாதாரணப் பொருள், பாலத்தைத் தாண்டி நியூஜெர்சிக்குள் வந்தால் கைதுக்குக் காரணம். தோட்டாவிலும் வித்தியாசம் உண்டு. மூக்கில் குழி விழுந்த தோட்டாவை நியூஜெர்சியில் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், சுடும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு போகலாம், மற்றபடி வெளியே கொண்டுபோனால் சிக்கல். மூன்று மேகசினையும் தோட்டா எல்லாவற்றையும் ஒரு ஷூ டப்பாவில் போட்டு நண்பர் வீட்டில் கொடுத்தேன். பத்துத் தோட்டா பிடிக்கிற மேகசின் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது வண்டி. பல மாநிலங்களைக் கடந்து துப்பாக்கி கொண்டுபோகிறவரைக் காப்பாற்ற 1986இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. கிளம்புகிற இடத்திலும் போய்ச்சேருகிற இடத்திலும் உங்களுக்கு அது சட்டப்படி செல்லும் என்றால், நடுவில் எந்த மாநிலச் சட்டமும் உங்களைத் தொடாது. ஆனால் தோட்டா போட்டிருக்கக் கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் வண்டிக்குள்ளிருந்து எளிதில் கைக்கு எட்டக் கூடாது. டிக்கியில் வைத்துவிட்டால் கவலையில்லை. எங்களிடம் இருந்தது சியன்னா வேன், அதில் தனி டிக்கி ஏது? அப்படிப்பட்ட வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும், டேஷ்போர்டு அறையும் சீட்டுக்கு நடுவில் இருக்கிற அறையும் பெட்டி ஆகாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஓர் இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டி, பின்னால் அடியில் வைத்து, அதன்மேல் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த வெட் கிரைண்டரை ஏற்றினேன். அதற்குமேல் அரிசி மூட்டை. எளிதில் எட்டக் கூடாது என்ற நிபந்தனையை என்னைவிட நன்றாக நிறைவேற்றினவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

டெக்சாஸ், ஆர்கன்சா, டென்னசி, வர்ஜீனியா. இதுவரை பெரிதாகப் பயமில்லை. வர்ஜீனியாவிலிருந்து 81ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் மேற்கு வர்ஜீனியா 26 மைல், அதை அடுத்து மேரிலாந்து வெறும் 12 மைல், பிறகு பென்சில்வேனியா. மேற்கு வர்ஜீனியாவில் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு திரியலாம். போட்டோமாக் ஆற்றுப் பாலம் தாண்டி மேரிலாந்துக்குள் நுழைந்தால் என் டெக்சாஸ் லைசென்ஸ் வெறும் பிளாஸ்டிக் அட்டை. சரியாக அங்கே வைத்துத்தான் என் மகள் பாத்ரூம் போக வேண்டும் என்றாள். ஹேகர்ஸ்டவுன் பலகை வருகிறது, பெட்ரோல் பங்க் தெரிகிறது, நான் நிறுத்தவில்லை. வழியில் நிறுத்தினால் பயணம் பயணமாகவே இருக்குமா, எத்தனை நிமிடம் நிறுத்தலாம் என்று அந்த 1986ஆம் வருடத்துச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. பெட்ரோல் போட நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்றுதான் வக்கீல்கள் சொல்வார்கள், இருந்தாலும் கை ஸ்டியரிங்கை விடவில்லை. "பன்னிரண்டு மைல்தான், பொறுத்துக்கோ கண்ணு" என்றேன். என் மனைவி திரும்பிப் பார்த்து, "திருடன் பயந்து ஓடுவான்னுதானே இதை வாங்கினீங்க? இப்ப நீங்கதான் ஓடிட்டிருக்கீங்க" என்றாள்.

இது வெறும் கோழைத்தனம் என்று நினைக்கிறவர்கள் கீழே சொல்வதையும் கேளுங்கள்.

2009இல் கொலராடோவிலிருந்து நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்த ஒருவர், கொலராடோவில் முறையாக வாங்கின துப்பாக்கிகளை, தோட்டா இல்லாமல் பூட்டி, டிக்கியில் வைத்திருந்தார். பிடித்தார்கள். வீடு மாற்றுகிறவருக்கு நியூஜெர்சிச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அந்த விலக்கைப் பற்றி ஜூரிகளுக்கு நீதிபதி சொல்லவே இல்லை. 2010இல் ஏழு வருடத் தண்டனை. அந்த டிசம்பரில் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார், 2012இல் மேல்முறையீட்டில் துப்பாக்கி வைத்திருந்ததற்கான தீர்ப்பும் ரத்தானது. அதற்குள் அவர் நான்கு மாதம் உள்ளே இருந்தாயிற்று.

2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். நியூஜெர்சியில் போலீஸ் அவருடைய வண்டியை நிறுத்தினதும், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ லைசென்ஸ் என்று தானாகவே பென்சில்வேனியா லைசென்சை நீட்டினார். அது ஆற்றுக்கு இந்தப் பக்கம் செல்லாது என்று அவருக்குத் தெரியாது. அனுமதியில்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் சென்றால் நியூஜெர்சியில் ஐந்து முதல் பத்து வருடம், அதில் குறைந்தது மூன்றரை வருடத்துக்குப் பரோல் கிடையாது. 2015இல் அவருக்கும் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்தார். ஆளுநருக்கு மனசு வந்தால்தான் விடிவு என்றால் அதற்குப் பெயர் சட்டமா?

விமானத்தில் போகிறவர்களுக்கும் ஒரு கதை உண்டு. 2005இல் யூட்டாக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் போகும் வழியில் நியூஜெர்சியின் நூவர்க்கில் இறங்கினார், அடுத்த விமானம் தவறிவிட்டது. துப்பாக்கிப் பெட்டி இருந்த பையை வாங்கிக்கொண்டு ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கினார். காலையில் விமான நிலையத்துக்குப் போய், விதிப்படி, என் பையில் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னார். அங்கேயே கைது. வழக்குக் கைவிடப்பட்டது, அவர் பதிலுக்கு வழக்குப் போட்டார். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது என்ன தெரியுமா? ராத்திரி ஓட்டலில் பை அவர் கைக்கு எட்டும்படி இருந்ததாம், அதனால் 1986ஆம் வருடத்துச் சட்டம் அவரைக் காப்பாற்றாதாம். விமானம் தவறினது அவருடைய தப்பில்லை என்று நீதிபதிகளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

இவர்கள் மூன்று பேருமே ஒளித்துக் கடத்தினவர்கள் இல்லை. இரண்டு பேர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதால்தான் மாட்டினார்கள்.

இப்போது, வெட்ட வேண்டாம் என்று சொன்ன விஷயம். எச்-1பி, எல்-1, மாணவர் விசா, சுற்றுலா விசா, எதில் வந்திருந்தாலும் சரி, அமெரிக்க மத்திய சட்டப்படி நீங்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. 1998இலிருந்து இதுதான் சட்டம், டெக்சாஸ் என்ன சொல்கிறது, புளோரிடா என்ன சொல்கிறது என்பதெல்லாம் இங்கே எடுபடாது. வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் சுடுவதும் அதில் சேரும். ஆபீஸில் டீமோடு ரேஞ்சுக்குப் போய், காதில் மஃப் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து, ஊரில் இருக்கிற மாமா பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற எத்தனை பிள்ளைகளை எனக்குத் தெரியும்! 2022இலிருந்து இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 வருடம். வழக்கே போடாமல் விட்டாலும், நாளைக்குக் கிரீன் கார்டு விண்ணப்பத்தோடு அந்தப் போட்டோவும் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது?

ரெஹைஃப் என்ற வழக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. மாணவர் விசாவில் புளோரிடா வந்தவர், மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார், ஊருக்குத் திரும்பவில்லை, ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய், தன்னுடைய விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. எனக்குச் சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க அந்தத் தீர்ப்பு வழி காட்டவில்லை, அதையும் கவனியுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விசாக்காரருக்கு ஒரு விலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தில் செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் எடுத்துவிட்டால் அதே ஆள் அதே துப்பாக்கியைத் தொடலாம். மானைச் சுட வேண்டியதில்லை, காட்டுப் பக்கம் தலைகாட்டக்கூட வேண்டாம். முட்டைகூடச் சாப்பிடாத என் நண்பர் ஒருவர் இதற்காகவே ஒரு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி வேட்டை லைசென்ஸ் எடுத்துப் பர்ஸில் வைத்திருக்கிறார். அவர் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

கஞ்சா விஷயமும் அதே மாதிரிதான். நியூஜெர்சியில் கடையிலேயே விற்கிறார்கள், மாநிலச் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் 4473 படிவம் தெளிவாகவே எச்சரிக்கிறது, மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டப்படி அது போதைப்பொருள்தான், பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வாங்கக் கூடாது என்று. தூக்கம் வரவில்லை என்று டாக்டர் சீட்டோடு வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும் சேர்த்துத்தான்.

நியூஜெர்சி வந்து சேர்ந்த பிறகும் முடியவில்லை. 2022இல் வந்த சட்டப்படி, வெளிமாநிலத்திலிருந்து குடிவருகிறவர் 60 நாளுக்குள் துப்பாக்கி வாங்குபவருக்கான அடையாள அட்டை எடுத்து, துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும். நல்லது, செய்துவிடலாம் என்று பக்கத்தில் இருந்த காவல் நிலையத்துக்குப் போனேன். ஒருவர் இணையத்தில் பாருங்கள் என்றார். இன்னொருவர், டெக்சாஸில் வாங்கினதுதானே, பதிவெல்லாம் தேவையில்லை என்றார். மூன்றாவது முறை போனபோது, சட்ட ஆலோசனை சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை, வக்கீலைப் பாருங்கள் என்றார்கள். சட்டத்தை மீறினால் பிடிக்கிற அதிகாரம் இருக்கிறது, என்ன சட்டம் என்று சொல்லத்தான் அதிகாரம் இல்லை. வக்கீலைப் பார்த்தேன், கட்டணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது, துப்பாக்கி விலையில் பாதிக்கு மேல். கைரேகை கொடுத்தேன், மனநல ஆவணங்களைப் பார்க்கச் சம்மதம் எழுதிக் கொடுத்தேன். உங்களைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். தமிழ்ச் சங்கத்து நண்பர் ஒருவரிடம் கேட்டதற்கு, "அண்ணே, என் கிரீன் கார்டு ப்ராசஸ் போயிட்டிருக்கு, துப்பாக்கி பேப்பர்ல என் பேரு வேணாமே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

எடுத்துக்கொண்டு நடக்க அனுமதி வாங்கலாமா என்றும் யோசித்தேன். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், தனிக் காரணம் காட்டினால்தான் அனுமதி என்ற நியூயார்க்கின் பழைய விதியைத் தள்ளுபடி செய்தது, நியூஜெர்சியிலும் அதே மாதிரி விதி விழுந்தது. அந்த டிசம்பரிலேயே நியூஜெர்சி புதுச் சட்டம் போட்டு, நூலகம், அருங்காட்சியகம், பூங்கா, மதுக்கடை, மருத்துவமனை என்று நீளமான தடைப் பட்டியல் கொடுத்தது. 2023 ஜனவரியில் ஒரு நீதிபதி அதில் சிலவற்றைச் செயல்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார், மே மாதம் இன்னும் விரிவாகப் போட்டார், ஜூனில் மேல் நீதிமன்றம் அந்த உத்தரவில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. ஜனவரியில் பூங்காவில் நடக்கிறவன் செய்தித்தாளைப் படித்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நான் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடுமையான சட்டம் கூடாது என்பது என் கட்சி இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் செத்து விழுகிற நாட்டில் இருந்துகொண்டு அப்படிப் பேச எனக்கு வாய் வராது. நியூஜெர்சி கேட்ட கைரேகையும் பின்னணிச் சோதனையும் டெக்சாஸிலும் வேண்டும் என்றுதான் சொல்வேன், இதற்காக என் டெக்சாஸ் நண்பர்கள் என்னைத் திட்டட்டும். ஆனால் என்ன சட்டமோ அதைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் புரிகிற மாதிரி ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டாமா? மாநில எல்லையில் வரவேற்புப் பலகை இருக்கிறது, வேக வரம்பு இருக்கிறது, சீட் பெல்ட் போடு என்று இருக்கிறது. உன் லைசென்ஸ் இங்கே செல்லாது என்று ஒரு வரி நான் வந்த வழியில் எங்கேயும் பார்க்கவில்லை. திருடுகிறவன் எந்தப் பலகையையும் பார்க்கப் போவதில்லை, அவனுக்குப் பதிவும் கிடையாது, வக்கீல் கட்டணமும் கிடையாது.

உங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த முறை எழுதும்போது "அமெரிக்கச் சட்டம்" என்று ஒரே போடாகப் போடாமல் எந்த மாநிலம் என்று எழுதுங்கள். பிள்ளைகளை எச்-1பியில் அனுப்பியிருக்கிற பெற்றோர்கள் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்கள், ரேஞ்ச் போட்டோ விஷயத்தை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

மேகசின் மூன்றும் இன்னும் டல்லாஸ் நண்பர் வீட்டு ஷூ டப்பாவில்தான் இருக்கின்றன. போன மாதம் வீட்டைக் காலி செய்கிறேன், வந்து எடுத்துக்கொள் என்று போன் செய்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். கலிபோர்னியாவாம். அங்கேயும் பத்துதான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
எடிசன், நியூஜெர்சி.